ரெட் ஏர்: ஒப்பந்த நிறுவனங்களுக்காக எதிரி விமானம் ஓட்டும் வேலை – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 முகில்வழி

வணக்கம். பல மாதங்களாக வாசிப்பதோடு சரி, இதுதான் நான் தொடங்கும் முதல் இழை.

அமெரிக்காவில் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறேன். வயது 29. அமெரிக்கக் குடியுரிமை உண்டு. பறந்தது 1,900 மணி நேரம். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

போன மாதம் அரிசோனாவில் ஓடுபாதைக்கு வெளியே காத்திருந்தபோது எங்களுக்கு முன்னால் ஒரு எஃப்-16 போனது. உடம்பு முழுக்கப் போர் வண்ணம். ஆனால் வாலில் விமானப்படை எண் இல்லை, எங்கள் விமானத்தில் இருப்பதைப் போலவே ‘என்’ எழுத்தில் தொடங்கும் சிவில் பதிவெண். கேப்டன் சொன்னார்: “அது தனியார் கம்பெனி விமானம். விமானப்படைக்கு எதிரியாகப் பறந்து காட்டுவதுதான் அவர்கள் தொழில்.” அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

கேட்க விரும்புவது: சிவில் விமானி ஒருவர் இதில் நுழைய முடியுமா? அந்த வேலை நாள் எப்படி இருக்கும்? உலகத்திலேயே புதிய விமானங்கள் வைத்திருக்கும் படை, மற்ற நாடுகள் கழித்துக்கட்டிய விமானங்களுக்கு ஏன் பணம் கொடுக்கிறது?

#2 வான்குறிப்பு

நல்ல இழை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றவை எனக்குத் தெரிந்த துறை அல்ல.

வியட்நாம் போரில் அமெரிக்க விமானிகள் வான்சண்டையில் எதிர்பார்த்ததை விட நிறைய இழந்தார்கள். ஏவுகணை வந்துவிட்டது, இனி நெருக்கச் சண்டையே இருக்காது என்று நம்பிப் பயிற்சியை விட்டிருந்தார்கள். பயிற்சி என்று நடந்ததும் தன் விமானத்தைப் போன்ற விமானத்தோடுதான். மிக்-17 போலச் சின்னதாய், சட்டென்று திரும்புகிற ஒன்றை முதன்முதலாகப் பார்த்ததே உயிர் போகும் இடத்தில். கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் தலைமையில் கடற்படை இதை ஆராய்ந்தது. அதன் பலன் 1969 மார்ச்சில் மிராமாரில் தொடங்கிய ஆயுதப் பள்ளி, டாப்கன் என்று எல்லோரும் அறிந்தது. அங்கே ஏ-4 ஸ்கைஹாக் மிக்-17 வேடம் போட்டது, டி-38 மிக்-21 வேடம் போட்டது. ‘வேறு மாதிரி விமானத்தோடு சண்டையிட்டுப் பழகு’ என்பதுதான் மொத்தப் பாடமும். விமானப்படை 1972-இல் நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் அக்ரெஸர் ஸ்குவாட்ரனை, அதாவது எதிரி வேடம் போடுவதற்கென்றே ஒரு விமானப் பிரிவை, தொடங்கியது. 1975-இல் ரெட் ஃபிளாக் என்ற பெரிய போர்ப் பயிற்சி வந்தது. முதல் பத்துப் போர்ப் பறத்தல்களைத் தாண்டிவிட்டவன் பிழைத்துக்கொள்வான், அந்தப் பத்தையும் பயிற்சியிலேயே கொடுத்துவிடு என்பது ரெட் ஃபிளாக்கின் அடிப்படை.

பிறகு பனிப்போர் முடிந்தது, பணம் சுருங்கியது. எஃப்-15 வைத்திருந்த 65-ஆவது அக்ரெஸர் ஸ்குவாட்ரன் 2014-இல் மூடப்பட்டது. அதே காலத்தில் விமானிகள் பற்றாக்குறையும் சேர்ந்தது. ஒரு கட்டத்தில் சுமார் 2,000 விமானிகள் குறைவு என்று விமானப்படையே சொன்னது. எதிரி வேடம் போட ஆளும் இல்லை, விமானமும் இல்லை. அந்த இடத்தில் தனியார் நுழைந்தார்கள்.

சில பெயர்கள், தேடிப் படிக்க உதவும். வர்ஜீனியாவின் ஏடாக் 1994-இலேயே தொடங்கியது. இஸ்ரேலின் கிஃபிர், சுவிட்சர்லாந்தின் ஹன்டர் என்று ஓட்டியவர்கள், 2017-இல் பிரான்ஸிடமிருந்து 63 மிராஜ் எஃப்1 வாங்கினார்கள். டிரேக்கன், ஜாரெட் ஐசக்மேன் ஃபுளோரிடாவில் தொடங்கியது. நியூசிலாந்து தன் போர் ஜெட்களை 2001-இல் நிறுத்தியபோது ஒதுங்கிப்போன ஸ்கைஹாக்குகளில் எட்டை வாங்கியது, ஸ்பெயினிடமிருந்து 22 மிராஜ் எஃப்1 வாங்கியது. ரெனோவில் இருக்கும் டாக்டிகல் ஏர் சப்போர்ட் ஜோர்டானின் எஃப்-5-களைப் புதுப்பித்து ஓட்டுகிறது. நீங்கள் பார்த்தது கனடாவின் டாப் ஏசஸ் விமானமாக இருக்கலாம். இஸ்ரேலிடமிருந்து 29 எஃப்-16 வாங்கி, 2021 ஜனவரியில் முதல் நான்கை ஆன்டனோவ்-124 சரக்கு விமானத்தில் அரிசோனாவின் மேசாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

2019 அக்டோபரில் விமானப்படை ஏழு நிறுவனங்களுக்குச் சேர்த்து 640 கோடி டாலர் உச்சவரம்புள்ள ஒப்பந்தம் கொடுத்தது. உச்சவரம்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். அவ்வளவும் செலவாகும் என்று அதற்கு அர்த்தமில்லை.

#3 திருகுசாவி

தம்பி, நான் பைலட் இல்ல. மெக்கானிக். இந்த மாதிரி ஒரு கம்பெனியில ஒன்பது வருஷம் இருந்தேன், பேர் வேண்டாம். பைலட் வேலையைப் பத்தி மத்தவங்க சொல்லுவாங்க. நீ ஏறி உக்காரப் போற விமானத்தைப் பத்தி நான் சொல்றேன், அது உனக்கு முக்கியம்.

பழைய ஜெட்டை வாங்குறது சுலபம். ஓட்டுறதுதான் கஷ்டம். ஒரு நாடு விமானத்தை விக்கும்போது கூடவே கன்டெய்னர் கன்டெய்னரா உதிரிபாகம் வரும். பெட்டியைத் திறந்தா பாதி தேவையில்லாதது இருக்கும், தேவையானது ரெண்டே ரெண்டு இருக்கும். மிராஜோட மேனுவல் ஃபிரெஞ்சுல இருக்கும். மொழிபெயர்ப்பு வெச்சிருப்பாங்க, ஆனா ஒரு அளவுல சந்தேகம் வந்தா மூலத்தைத்தான் பாக்கணும். நான் நாப்பது வயசுக்கு மேல ஃபிரெஞ்சு படிக்கக் கத்துக்கிட்டது அதுக்காகத்தான். பேச வராது. ‘இறுக்கு’, ‘தளர்த்து’, ‘விரிசல் இருக்கான்னு பார்’, இதெல்லாம் நல்லாத் தெரியும்.

எஞ்சின்கூடப் பெரிய கவலை இல்ல. நல்லதா நாலு இருந்தா ஒண்ணை மாத்தி ஒண்ணு ஓட்டலாம். எனக்குத் தூக்கம் போனது இருக்கையாலதான். வெளியே தூக்கி எறியுற இருக்கை இருக்கே, அதுக்குள்ள இருக்கிற வெடி கேட்ரிட்ஜுக்கெல்லாம் காலாவதி தேதி உண்டு. அலமாரியில எத்தனை வருஷம், விமானத்துல பொருத்தின பிறகு எத்தனை வருஷம்னு ரெண்டு கணக்கு. வெடிபொருள்ங்கிறதால வெளிநாட்டுலேருந்து வரவழைக்க அனுமதி வேணும், சாதாரண பார்சல்ல வராது. தேதி முடிஞ்சா விமானம் தரையிலதான். நான் இருந்த இடத்துல ஒரு தடவை ‘இன்னும் ஒரு வாரம்தானே, பறக்கட்டும்’னு மேலிடத்துலேருந்து பேச்சு வந்தது. எங்க இருக்கைக் கடைப் பொறுப்பாளர் (இருக்கையைப் பராமரிக்கிற கூடத்தைத்தான் கடைன்னு சொல்லுவோம்) கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். அந்த அம்மா எழுந்து போய் பதிவேட்டைப் பூட்டுல வெச்சுட்டுச் சாவியைப் பையில போட்டுக்கிட்டாங்க. விமானம் பறக்கல. அன்னைக்கு ஒப்பந்த மணி நேரம் போச்சு, பணமும் போச்சு.

நேர்காணலுக்குப் போனா சம்பளம் கேக்குறதுக்கு முன்னாடி இருக்கைக் கடையைக் காட்டச் சொல்லு. காட்டத் தயங்குற கம்பெனியில சேராதே.

#4 முகில்வழி

அண்ணா, இதை எங்கேயும் படித்ததில்லை. மனமார்ந்த நன்றி.

ஒரு சந்தேகம். சிவில் பதிவெண் இருந்தால் அமெரிக்க சிவில் விமானத் துறையான எஃப்ஏஏ விதிகள்தானே பொருந்தும்? சோதனை வகை விமானத்தை வணிகத்துக்கு ஓட்டக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படியிருக்க எப்படிக் காசுக்குப் பறக்கிறார்கள்?

#5 வட்டத்திரை

பதினான்கு ஆண்டுகள் ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து போர் விமானங்களை வழிநடத்தியவன் நான். கடைசி ஆறு ஆண்டுகள் சிவப்புப் பக்கத்துக்கு, அதாவது எதிரியாகப் பறப்பவர்களுக்கு. பயிற்சி பெறுபவர்கள் நீலப் பக்கம். இரண்டாவது கேள்வி என்னுடையது. அதற்கு முன் இந்தச் சட்டச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம்.

இந்த விமானங்களுக்குப் பொதுவாக எஃப்ஏஏ தருவது கண்காட்சிக்கான சோதனை வகைச் சான்றிதழ். இடம் மாற்றிக்கொள்ள, பழகிப் பார்க்க அது போதும். ராணுவத்துக்காகப் பறக்கும்போது அந்தப் பறத்தல் ‘பொது விமானச் செயல்பாடு’ என்ற பிரிவுக்குள் வந்துவிடும். அரசே பறப்பது போல. அப்போது விமானத்தின் தகுதியைப் பார்ப்பது எஃப்ஏஏ அல்ல, ஒப்பந்தம் கொடுத்த படையின் தகுதிச் சான்று அலுவலகம். விமானிகள் யார், என்ன நடைமுறை என்பதை அரசுத் தரப்பின் பறத்தல் பிரதிநிதி ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக, ஒரே விமானம் காலையில் ஒரு சட்டத்தின் கீழும் மதியம் இன்னொரு சட்டத்தின் கீழும் பறக்கக்கூடும்.

இனி வேலை நாள்.

பறப்பது ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. அதற்கு முன் இரண்டு மணி நேரம் பிரீஃபிங், அன்றைய திட்டத்தை விளக்கும் கூட்டம். அதற்குப் பின் டீப்ரீஃப், நடந்ததை அலசும் கூட்டம். டீப்ரீஃப் பறத்தலை விட நீளும், பல நாள் இரண்டு மடங்கு.

பிரீஃபிங்கில் நீலப் பக்கத்தின் பயிற்றுநர் வந்து இன்று என்ன பாடம் என்று சொல்வார். உதாரணமாக, நான்கு விமானங்களை முதன்முறையாகத் தலைமை தாங்கி நடத்தப்போகும் ஓர் இளம் விமானி. அவர் எதில் தடுமாறுகிறாரோ அதற்கேற்ப நாங்கள் வர வேண்டும். ‘எட்டுப் பேர் இரண்டு அடுக்காக வாருங்கள், நாற்பது மைலில் வடக்குக் கூட்டம் பிரியட்டும், தெற்குக் கூட்டம் பீம் அடிக்கட்டும்.’ பீம் என்றால், வரும் ராடாருக்குக் குறுக்காகத் திரும்புவது. டாப்ளர் ராடார் தன்னை நோக்கி வரும் வேகத்தை வைத்துத்தான் விமானத்தைத் தரையிலிருந்து பிரித்தறிகிறது. குறுக்காகப் போனால் அந்த வேகம் பூச்சியத்துக்கு இறங்கும், தரையோடு தரையாகக் கரைந்துபோவோம். கரைந்த ஒருவனை அந்த இளம் விமானி நினைவில் வைத்திருக்கிறாரா, மறந்துவிட்டு முன்னேறுகிறாரா? அன்றைய பாடம் அதுதான்.

பயிற்சி விதிகள் ஒவ்வொரு நாளும் வாசிக்கப்படும். ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் 500 அடிக் குமிழி, அதற்குள் யாரும் நுழையக் கூடாது. நெருக்கச் சண்டைக்கு ஒரு கற்பனைத் தரை, வழக்கமாக 5,000 அடி. அதற்குக் கீழே போனவன் தரையில் மோதியவனாகவே கணக்கு. சிவப்புக்கும் நீலத்துக்கும் தனித்தனி உயர அடுக்குகள், கண்ணால் பார்க்கும்வரை அவற்றை விட்டு வெளியே வரக் கூடாது. யார் வேண்டுமானாலும் ‘நாக் இட் ஆஃப்’ சொல்லலாம். சொன்ன கணத்தில் எல்லாம் நிற்கும்.

ஏவுகணை எதுவும் இல்லை. நீலம் ‘சுட்டேன்’ என்று சொல்லும், தூரம், உயரம், வேகம் எல்லாம் பதிவாகும், அது பலிக்கும் சுடுதலா என்று தரையில் இருப்பவர் கணக்குப் பார்ப்பார். பலித்தால் நான் வானொலியில் சொல்வேன்: இந்த உயரத்தில், இந்த இடத்தில் இருப்பவர் இறந்தார். அவர் சண்டையிலிருந்து விலகி, பின்னே குறித்த கோட்டைத் தொட்டு, புது எதிரியாகத் திரும்பி வருவார். எட்டு விமானம் இப்படித்தான் பதினாறாகும், இருபதாகும். நல்ல ரெட் ஏர் விமானி ஒருவர் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை செத்துவிட்டுச் சாப்பிடப் போவார்.

இதைத்தான் வெளியே இருப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், எதிரே வருவது பயிற்சி முடித்து ஆறு மாதமான பையன். அவன் தவறு செய்வது இவருக்குத் தெரிகிறது. இரண்டு நொடியில் அவனை வீழ்த்தலாம். ஆனால் இன்றைய பாடம் அந்தத் தவறு அல்ல. சொன்ன தூரத்தில், சொன்ன பக்கம், சொன்ன ஜி-இல் (திரும்பும்போது உடலை அழுத்தும் விசையின் அளவு) திரும்பிச் சாக வேண்டும். தன் திறமையைக் காட்டிக்கொள்ள ஸ்கிரிப்டை விட்டு வெளியே வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அழகான பறத்தல். ஆனால் நீலப் பக்கம் நான்கு பேர், வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர் ஒன்று, ஒரு வாரத் திட்டமிடல், எல்லாம் அந்த ஒன்றரை நிமிடத்தில் வீண். அடுத்த மாதம் அவர் எங்களோடு இல்லை.

பாடம் முன்னேற முன்னேறக் கயிற்றைத் தளர்த்துவார்கள். கடைசி நாட்களில் ‘உங்கள் இஷ்டம்’ என்பார்கள். அன்று நாங்கள் விடமாட்டோம்.

#6 எண்கணக்கு

மேலே எழுதியவர்கள் மேல் எனக்கு முழு மதிப்பு உண்டு. ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

எதிரி வேடம் போடுபவன் எதிரியைப் போல் இருக்க வேண்டாமா? 1970-களில் ஸ்கைஹாக் மிக்-17 போலவே திரும்பியது, அதனால் பொருந்தியது. இன்றைய எதிரி சீனாவின் ஜே-20. அதை ஒலிவேகத்தைத் தாண்டாத ஒரு ஸ்கைஹாக் எப்படி நடித்துக் காட்டும்? விமானப்படையே இதை உணர்ந்துதான் 2022 ஜூனில் 65-ஆவது அக்ரெஸர் ஸ்குவாட்ரனை எஃப்-35-களோடு நெல்லிஸில் திரும்பத் தொடங்கியது. அதே கோடையில் அங்கே இருந்த டிரேக்கனின் ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. பிரிட்டனும் இப்படித் தனியாருக்குக் கொடுக்க நினைத்த பெரிய திட்டம் ஒன்றை 2019-இல் கைவிட்டது.

இன்னொன்று. அக்ரெஸர் ஸ்குவாட்ரனில் இருப்பவர்கள் எதிரி நாட்டின் விமானம், ராடார், விமானி பயிற்சி முறை என்று ஆளுக்கொரு துறையில் ஆழமாகப் படித்து மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள். மணிக் கணக்கில் வாங்கும் சேவையில் அந்த அறிவு வளருமா? ஒப்பந்தம் மணி நேரத்தை எண்ணுகிறது. கற்றுக்கொடுத்ததை எண்ணுவதில்லை.

#7 திருகுசாவி

>> எதிரி வேடம் போடுபவன் எதிரியைப் போல் இருக்க வேண்டாமா?

சார், நீங்க சொல்றது மேல் வகுப்புக்குச் சரி. ரெட் ஃபிளாக் மாதிரி இடத்துல பழைய ஜெட் போதாது, ஒத்துக்குறேன். ஆனா பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் பன்னிரண்டாம் வகுப்பு இல்லையே. எஃப்-16 இப்பதான் பழகுற தளம் இருக்கு, எஃப்-35 பழகுற லூக் தளம் இருக்கு. அங்க முதல்ல வேண்டியது திரையில நிறையப் புள்ளி. நாலு பேர் எட்டுப் பேரைச் சமாளிக்கணும்னா எட்டுப் பேர் வேணும்.

அந்த எட்டும் எஃப்-35-ஆ இருந்தா என்ன ஆகும்? ஒரு மணி நேரம் ஓட முப்பதாயிரம் டாலருக்கு மேல. அதோட, ஒவ்வொரு விமானத்துக்கும் ஆயுள் இத்தனை ஆயிரம் மணின்னு எழுதியிருக்கு. சிவப்பா நடிக்கிற ஒவ்வொரு மணியும் அதுலேருந்து கழியும். உள்ள உக்காந்திருக்கிற பைலட்டும் அன்னைக்குத் தன் பாடத்தைப் படிக்கல, அடுத்தவன் பாடத்துக்குப் பொம்மையா நின்னான். எஃப்-22 ஸ்குவாட்ரன்கள் இதே காரணத்துக்காகத்தான் டி-38-ஐப் பக்கத்துல வெச்சு எதிரியா ஓட்டினாங்க. அது 1960-கள்ல வந்த பயிற்சி விமானம். அதுல ராடாரே இல்ல.

விமானம் பழசுன்னா உள்ள இருக்கிறதும் பழசுன்னு நினைக்க வேண்டாம். நியூசிலாந்து ஸ்கைஹாக்ல எஃப்-16 குடும்பத்து ராடார் இருக்கு, ஏபிஜி-66. ஜோர்டான் எஃப்-5-ல உள்ளுறுப்பு முழுக்க மாத்தியிருக்காங்க. ராடாரைக் குழப்புற ஜாமர் பாட் தொங்கவிட்டா எதிர்ல வர்றவன் திரையில என்ன தெரியுதுங்கிறதுதான் கணக்கு, இறக்கை எந்த வருஷத்துதுங்கிறது இல்ல.

#8 வட்டத்திரை

எண்கணக்கு சொன்ன கடைசிப் பத்தி என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் முன்னாள் அக்ரெஸர்கள் நிறையப் பேர் இருந்ததால் அறிவு இருந்தது. அவர்கள் ஓய்வு பெற்ற பின் வருபவர்கள் அதை எங்கே கற்பார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. அறிவு ராணுவத்தில் விளைந்தது, நிறுவனம் அறுவடை செய்தது. விதைப்பது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆனால் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். படையில் ஒருவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போய்விடுவார். ஒப்பந்த விமானி அதே தளத்தில் ஏழு, எட்டு ஆண்டுகள் இருப்பார். எந்த மாணவன் எந்த இடத்தில் வழுக்குவான் என்று அவருக்கு அத்துப்படி. டீப்ரீஃப் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, ஓர் இளம் விமானி பின்தங்கி நின்று அப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்கும் ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போடவில்லை.

#9 கரைவிளக்கு

இந்த மன்றத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. என் கணவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று இந்த வேலையில் இருக்கிறார். யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

இது பயிற்சி, ஏவுகணை கிடையாது, உண்மைதான். ஆனால் விமானம் உண்மை, தரை உண்மை. 2012 மார்ச்சில் ஃபாலன் தளத்தில் ஒரு கிஃபிர் மோசமான வானிலையில் இறங்க வரும்போது விழுந்து விமானி இறந்தார். அதே ஆண்டு மே மாதம் பாயிண்ட் முகு அருகே ஒரு ஹன்டர், அதிலும் விமானி இறந்தார். 2018 டிசம்பரில் ஹொனலூலுவுக்கு அருகே ஒரு ஹன்டர் கடலில் விழுந்தது, விமானி இருக்கையோடு வெளியேறிப் பிழைத்தார். 2021 மே மாதம் நெல்லிஸ் தளத்தின் வேலிக்கு வெளியே ஒரு மிராஜ் விழுந்தது, விமானி இறந்தார். 2022 பிப்ரவரியில் அரிசோனாவில் இன்னொரு மிராஜ், அவர் தப்பினார்.

2021 செய்தி வந்தபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன். ‘நெல்லிஸ் அருகே போர் விமானம் விபத்து’ என்று மட்டும் இருந்தது. என் கணவர் அன்று வேறு மாநிலத்தில் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது, ஏனென்றால் அவருடைய நண்பர்கள் யார் எங்கே என்று எனக்குத் தெரியாது.

அவர் படையில் இருந்தபோது ஏதாவது நடந்தால் யார் வீட்டுக்கு வருவார்கள், என்ன சொல்வார்கள், பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கெல்லாம் ஒரு முறை இருந்தது. இப்போது அவர் ஒரு கம்பெனி ஊழியர். படைவீரர் குடும்பத்துக்கு உரியது எதுவும் இந்த வேலையால் வராது. காப்பீட்டுப் பத்திரத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். சோதனை வகை விமானம், ராணுவப் பயிற்சி இரண்டையும் விலக்கும் வரி சாதாரண ஆயுள் காப்பீட்டில் இருக்கும். முகில்வழி, உங்களுக்குக் குடும்பம் இருந்தால் அந்த வரியைத் தேடுங்கள்.

அவரை நிறுத்தச் சொல்லி ஒருநாளும் நான் கேட்டதில்லை. டீப்ரீஃப் முடிந்து வரும் நாட்களில் அவர் முகத்தில் இருப்பது எனக்குத் தெரியும்.

#10 வான்குறிப்பு

அம்மா, எழுதியதற்கு நன்றி. நான் மேலே நிறுவனங்களையும் எண்களையும் அடுக்கினேன். இதை விட்டுவிட்டு எழுதியிருக்கக் கூடாது.

#11 முகில்வழி

கரைவிளக்கு அக்கா, இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. மனைவியிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். நிறைய நேரம் பேசினோம்.

வட்டத்திரை சார், முதல் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. எனக்கு வழி இருக்கிறதா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

#12 வட்டத்திரை

ஒளிக்காமல் சொல்கிறேன். நேர் வழி இல்லை.

ஜெட் ஓட்டக் கற்றுக்கொள்வது தடை அல்ல, நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். எட்டுப் பேர் ஒரே வானத்தில் ஒருவரையொருவர் வேட்டையாடும்போது, மற்ற ஏழு பேரும் எங்கே என்று தலைக்குள் வைத்திருப்பதுதான் வேலை. அதைப் படை பல ஆண்டுகள், பல கோடி செலவில் கற்பிக்கிறது. அதனால்தான் போர் விமானத்தில் பல நூறு மணி நேரம், முடிந்தால் பயிற்றுநர் தகுதி என்று கேட்கிறார்கள். நிறுவனமே விரும்பினாலும் அரசுத் தரப்பின் பிரதிநிதி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு சுற்று வழிகள் உண்டு.

ஒன்று, மின்னணுப் போர்ப் பயிற்சி. ஜார்ஜியாவில் ஃபீனிக்ஸ் ஏர் என்ற நிறுவனம் லியர்ஜெட்களில் ஜாமர் தொங்கவிட்டு ராணுவத்துக்காகப் பறக்கிறது. பிரிட்டனில் ஃபால்கன் 20 விமானங்கள் இதே வேலையைச் செய்துவந்தன. இங்கே ஜி இழுத்துத் திரும்பும் சண்டை இல்லை. ராடாரைக் குழப்புவது, கப்பலை நோக்கி ஏவுகணை போல நேராகத் தாழ்ந்து வருவது, இப்படி. வணிக ஜெட் ஓட்டிப் பழகிய சிவில் விமானிக்கு இடம் கிடைக்கக்கூடிய மூலை இதுதான். குறைத்து மதிப்பிடாதீர்கள். நிஜத்தில் ஒரு கப்பலை மூழ்கடிப்பது வளைந்து நெளியும் விமானத்தை விட நேராக வரும் அந்த ஒன்றுதான்.

மற்றொன்று நீளமானது. ஏர் நேஷனல் கார்டு, அதாவது மாநிலங்களின் பகுதிநேர விமானப்படை. அங்கே ஸ்குவாட்ரனே தன் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும், உங்களைப் போல வேறு வேலையில் இருப்பவர்களையும் எடுக்கும். விமானிப் பயிற்சிக்கு வயது வரம்பு 33. உங்களுக்கு 29. தேர்வு, மருத்துவம், அலுவலர் பயிற்சி என்று போவதற்குள் ஒன்றிரண்டு ஆண்டு ஓடிவிடும், ஆகவே யோசிப்பதற்கு நிறையக் காலம் இல்லை. அங்கே எஃப்-16 கிடைத்து, பத்து ஆண்டு பறந்தால், நாற்பதைத் தாண்டிய வயதில் எங்கள் கதவைத் தட்டலாம். அப்போது யாரும் கதவை மூட மாட்டார்கள்.

ஆனால் எதிரியாக நடிப்பதற்காகக் கார்டில் சேராதீர்கள். நீலப் பக்கத்தில் உண்மையாகப் பறக்க வேண்டும் என்று இருந்தால் மட்டும் சேருங்கள். சிவப்பு அதற்குப் பின் வருவது.

#13 எண்கணக்கு

வட்டத்திரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கார்டு ஸ்குவாட்ரனுக்கு விண்ணப்பம் மட்டும் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். வந்து பார்க்கலாமா என்று கேட்டு நேரில் போங்கள், ஒருமுறை அல்ல, பலமுறை. கூடவே உட்கார்ந்து வேலை செய்யத் தகுந்த ஆளா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். என் தங்கை மகன் நான்காவதாக முயன்ற ஸ்குவாட்ரனில்தான் தேர்வானான்.

#14 முகில்வழி

முடிவு செய்துவிட்டேன். மூன்று கார்டு ஸ்குவாட்ரன்களுக்கு எழுதினேன். ஒன்று அடுத்த மாதப் பயிற்சி வார இறுதிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறது. அதில் கிடைக்காவிட்டால் லியர்ஜெட் வழி. மனைவியும் நானும் ஒரு தேதி குறித்திருக்கிறோம், அதற்குள் நடக்காவிட்டால் விமான நிறுவனத்திலேயே கேப்டன் ஆவேன், அதிலும் எனக்கு வருத்தம் இல்லை.

திருகுசாவி அண்ணா, அந்த வார இறுதியில் அவர்கள் பராமரிப்புக் கூடத்தைச் சுற்றிக் காட்டுவார்களாம். இருக்கைக் கடைக்குப் போனால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

#15 திருகுசாவி

சந்தோஷம் தம்பி.

தரையைப் பாரு. சுத்தமா இருக்கணும், பாதுகாப்புக் கம்பி ஒண்ணுகூடச் சிந்திக் கிடக்கக் கூடாது. சுவர்ல கருவிப் பலகை இருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் அதோட உருவத்துல ஒரு நிழல் வரைஞ்சிருக்கும். ஏதாவது நிழல் காலியா இருந்தா ‘இது எங்க இருக்கு’ன்னு கேளு. யார் கையில, எந்த விமானத்துலன்னு உடனே பதில் வரணும்.

அப்புறம், அங்க வேலை செய்யுறவங்க பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோ. எந்த இருக்கையையும் தொடாதே, கையைப் பின்னால கட்டிக்கோ. அதை அவங்க கவனிப்பாங்க.